ஓட வைத்த வாத்தியார்!

மாதச் சம்பளம் 150 டாலர். அந்தச் சம்பளத்துக்கு இரண்டு வேலை. கல்லூரி வளாகத்தின் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்ச நேரத்தில் பெண்கள் தடகள அணிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இதற்கு நடுவே சொந்தப் படிப்பு வேறு!

அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில்லில் 1950-ம் ஆண்டு இந்த வேலைக்குத் தலையாட்டியவர் எட் டெம்பிள். அப்போது அவருக்கு வயது 22. அதே கல்லூரியில் ஓட்டக்காரராக இருந்து பட்டம் வாங்கியிருந்த கறுப்பின இளைஞர். ஒன்றிரண்டு வருடம் பார்ப்போம் என்று சேர்ந்த வேலையல்ல போலிருக்கிறது. மொத்தம் 44 வருடங்கள் அதே கல்லூரி, அதே மைதானம்!

அந்த 44 வருடங்களில் அவரிடம் பயிற்சி பெற்ற 40 பேர் ஒலிம்பிக் வரை போனார்கள். 13 தங்கம், 6 வெள்ளி, 4 வெண்கலம் என்று 23 பதக்கங்கள் கொண்டுவந்தார்கள். ஒரு நாட்டின் கணக்கில்லை இது. ஒரே கல்லூரியின் கணக்கு. சில நாடுகள் தங்கள் ஒலிம்பிக் வரலாறு முழுக்கச் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை.

ஆனால், டெம்பிள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இந்தக் கணக்கை அல்ல. அந்த 40 பேரில் அநேகமாக எல்லோருமே பட்டம் வாங்கிவிட்டுத்தான் கல்லூரியை விட்டுப் போனார்கள் என்பதைத்தான். ஓட்டப் பயிற்சியாளருக்கு ஏன் பட்டத்தின் மேல் அவ்வளவு கண்?

சாப்பிட உட்கார இடமில்லாத ஊர்

அந்தக் காலத்து நாஷ்வில்லில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனிக் கல்லூரி, தனி மருத்துவமனை. நகரின் மையத்தில் உள்ள கடைகளில் அவர்கள் காசு கொடுத்துப் பொருள் வாங்கலாம். ஆனால் அதே கடையின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. 1960 பிப்ரவரியில் மாணவர்கள் அந்த மேஜைகளில் அமைதியாகப் போய் உட்கார்ந்து போராடினார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். மே மாதம்தான் சில கடைகள் இறங்கிவந்தன.

டெம்பிளின் கல்லூரி கறுப்பின மாணவர்களுக்காக அரசு நடத்திய வேளாண்-தொழில் கல்லூரி. இன்று அதன் பெயர் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம். காசு எப்போதும் பற்றாக்குறைதான். ஓடுபாதை என்று இருந்தது சரியாகக் கோடுகூடப் போடாத ஒரு மண்தரை. பெண்கள் ஓட்டத்துக்கென்று தனி உதவித்தொகை கிடையாது. அணியில் சேர்ந்த பெண்கள் தினமும் இரண்டு மணி நேரம் கல்லூரி அலுவலகங்களில் வேலை பார்த்துப் படிப்புச் செலவை ஈடுகட்டினார்கள். உலக சாதனை படைத்த பிறகும் அந்த இரண்டு மணி நேர வேலை உண்டு.

போட்டிக்கு வெளியூர் போவதுதான் பெரிய பாடு. விமானமும் இல்லை, பேருந்தும் இல்லை. டெம்பிளே காரை ஓட்டுவார், பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவார்கள். வழியில் எந்த உணவகமும் உள்ளே விடாது என்பதால் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பெட்ரோல் பங்க்குகளின் கழிப்பறையும் இவர்களுக்கு இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து வயல்வெளிதான். டெம்பிளின் மனைவி சார்லி பி அணியின் சம்பளமில்லாத ஊழியர் மாதிரி. சீருடைகளைத் துவைப்பது, பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

இவ்வளவுக்கும் நடுவே 1955-ல் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. அது முதல் பட்டம். டெம்பிள் ஓய்வு பெறும்போது தேசியப் பட்டங்கள் 34! புலிதான் கல்லூரியின் சின்னம். அதனால் பெண்கள் அணிக்கு 'டைகர்பெல்ஸ்' என்று பெயர் விழுந்திருந்தது.

காலை இழுத்து நடந்த சிறுமி

நாஷ்வில்லிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் கிளார்க்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கே ஒரு வீட்டில் 22 பிள்ளைகள். இருபதாவதாகப் பிறந்தவர் வில்மா ருடால்ஃப். குறைமாதக் குழந்தை. சிறுவயதிலேயே போலியோ தாக்கி இடது கால் சோர்ந்துபோனது. வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்த அம்மா, வாரம் தவறாமல் மகளைப் பேருந்தில் நாஷ்வில்லுக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போனார். கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை அங்கேதான் இருந்தது. வீட்டில் அண்ணன், அக்காமார்கள் முறை வைத்துக் காலைத் தேய்த்துவிட்டார்கள். இரும்புப் பட்டையும் தனிக் காலணியும் போட்டு நடந்த சிறுமி, 12 வயதில்தான் எந்தத் துணையும் இல்லாமல் நடந்தார்.

பள்ளியில் கூடைப்பந்து ஆட ஆரம்பித்தார். அந்தப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக வருவார் டெம்பிள். பந்தைத் துரத்தும் அந்த ஒல்லியான, நெட்டையான பெண்ணின் கால்கள் அவர் கண்ணில் பட்டன. கோடை விடுமுறையில் கல்லூரியில் நடக்கும் ஓட்ட முகாமுக்கு அழைத்தார்.

முகாம் என்றால் சுற்றுலா இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை பயிற்சி. முதல் பயிற்சி விடிகாலை 5 மணிக்கு! தாமதமாக வந்தால், எத்தனை நிமிடம் தாமதமோ அத்தனை சுற்று கூடுதலாக ஓட வேண்டும். வில்மா ஒருநாள் தூங்கிவிட்டு 30 நிமிடம் தாமதமாக வந்து 30 சுற்று ஓடினார். மறுநாள் பயிற்சிக்கு 30 நிமிடம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாராம்.

1956-ல் வில்மாவுக்கு 16 வயது. பள்ளி மாணவி. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்கு பேர் ஓடும் 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவுக்கு வெண்கலம். ஓடிய நால்வருமே டெம்பிளின் பிள்ளைகள். அதில் மூத்தவர் மே ஃபேக்ஸ். அது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக். வில்மாவைத் தங்கை மாதிரி கூடவே வைத்துக்கொண்டு தேர்வுப் போட்டியில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மூத்தவர் இளையவரைக் கைதூக்கிவிட வேண்டும் என்பது அந்த அணியின் எழுதாத சட்டம்.

1958-ல் ஒரு திருப்பம். பள்ளிப் படிப்பு முடியும் நேரத்தில் வில்மா கர்ப்பமாக இருந்தார். அந்த வருடமே ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பெற்றவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிளின் விதி. விதிகளில் அவர் கறார் என்பது ஊருக்கே தெரியும். அந்த விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் வில்மாவின் கதை கிளார்க்ஸ்வில்லோடு முடிந்திருக்கும். டெம்பிள் விதியைத் தள்ளிவைத்தார். குழந்தையை வில்மாவின் குடும்பம் பார்த்துக்கொண்டது. வில்மா கல்லூரியில் சேர்ந்தார்.

ரோமில் ஒரே கல்லூரியின் நான்கு பேர்

1960 ரோம் ஒலிம்பிக். அமெரிக்கப் பெண்கள் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளர் டெம்பிள். 100 மீட்டர் ஓட்டத்துக்கு முந்தைய நாள், வில்மா மைதானத்துக் குழியில் காலை வைத்து, கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. ஆனாலும் 100 மீட்டரில் தங்கம், 200 மீட்டரில் தங்கம்.

மூன்றாவது, தொடர் ஓட்டம். இந்த ஓட்டத்தில் வேகம் மட்டும் போதாது. அன்றைய விதிப்படி, கையில் உள்ள குச்சியை 20 மீட்டர் எல்லைக்குள் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டியிருந்தது. வாங்குகிறவர் நின்று வாங்கினால் நேரம் போய்விடும். அதனால் பின்னால் வருகிறவர் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதுமே இவர் ஓட ஆரம்பித்து, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். கொடுப்பவரின் வேகம் என்ன, எட்டு வைப்பது எப்படி என்று உடம்புக்கே பழகியிருந்தால்தான் இது நடக்கும். நாடு முழுவதிலிருந்தும் வேகமான நால்வரைப் பொறுக்கிக் கடைசி நேரத்தில் சேர்த்தால் குச்சி கீழே விழ வாய்ப்பு அதிகம்.

டெம்பிளுக்கு அந்தக் கவலை குறைவு. மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ருடால்ஃப் என்று ஓடிய நால்வருமே ஒரே கல்லூரி, ஒரே மண்தரை. முதல் சுற்றிலேயே 44.4 விநாடியில் உலக சாதனை. இறுதிப் போட்டியில் கடைசிக் கைமாற்றத்தில் குச்சி சரியாகப் பிடிபடாமல் தடுமாறிவிட்டது. ஜெர்மனி முந்தியது. வில்மா விரட்டிப் பிடித்துத் தங்கத்தோடுதான் நின்றார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தடகளத்தில் வென்ற தங்கம் மொத்தமே மூன்று. மூன்றுமே டெம்பிளின் கல்லூரிக்கு!

ஊர் திரும்பியதும் கிளார்க்ஸ்வில்லில் வரவேற்பு ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடானது. வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்றால் வரமாட்டேன் என்று வில்மா சொல்லிவிட்டார். அந்த ஊரில் இரண்டு தரப்பும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பெரிய நிகழ்ச்சி அதுதான்.

பதக்கத்தில் அரிசி வாங்க முடியுமா?

ஒன்றை நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒலிம்பிக் வீரர்கள் ஓட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் தகுதி போய்விடும். மூன்று தங்கம் வென்ற வில்மாவுக்கும் அதே நிலைதான். 1962-ல், 22 வயதிலேயே அவர் ஓட்டத்திலிருந்து விலகினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டம் முடிந்தாலும் வீடு இருக்கிறது. பருத்திக்காட்டுக் கூலியின் மகளுக்கும், வீட்டு வேலை செய்யும் அம்மாவின் மகளுக்கும் ஓட்டம் முடிந்த மறுநாள் என்ன இருக்கிறது?

டெம்பிள் பட்டத்தைப் பிடித்துத் தொங்கியதற்குக் காரணம் இதுதான். விளையாட்டு கதவைத் திறந்துவிடும், திறந்த கதவு மூடாமல் பார்த்துக்கொள்வது படிப்பு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. அவரே கல்லூரியில் சமூகவியல் பாடம் நடத்தியவர். மதிப்பெண் குறைந்தால் ஓட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சிக்கல்தான்.

வில்மா 1963-ல் பட்டம் வாங்கினார். சொந்த ஊரில் ஆசிரியை ஆனார். லூசிண்டா வில்லியம்ஸ் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரப் பள்ளிகளில் நீண்ட காலம் பணியாற்றினார். மே ஃபேக்ஸும் ஆசிரியைதான். 1964-ல் 200 மீட்டரில் தங்கம் வென்ற ஈடித் மெக்குவயர் ஆசிரியையாக இருந்து, பிறகு கணவருடன் உணவகங்கள் நடத்தினார். 1968-ல் 800 மீட்டரில் தங்கம் வென்ற மேடலின் மேனிங், விளையாட்டு வீரர்களுக்கு ஆறுதலும் ஆலோசனையும் சொல்லும் மதகுருவாகப் பணியாற்றினார்.

இந்த 800 மீட்டருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1928-ல் பெண்கள் இந்த ஓட்டத்தை ஒலிம்பிக்கில் ஓடினார்கள். பெண் உடம்பு இதைத் தாங்காது என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டார்கள். மறுபடி சேர்க்க 32 வருடங்கள் ஆயின. அப்படிப்பட்ட ஓட்டத்தில் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் மேடலின்!

யாரும் கொண்டாடாத சாதனை

ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் என்ற ஊரிலிருந்து வந்தவர் வயோமியா டையஸ். பால்பண்ணையில் வேலை பார்த்த அப்பா, மகளுக்கு 15 வயதாக இருக்கும்போது இறந்துபோனார். துக்கத்தில் பேச்சே குறைந்துபோன பெண், டெம்பிளின் கோடை முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

1964 டோக்கியோவில் 100 மீட்டர் தங்கம் வயோமியாவுக்கு. வெள்ளி, அதே கல்லூரியின் ஈடித்துக்கு. 1968 மெக்சிகோ சிட்டியிலும் வயோமியாவே 100 மீட்டரில் முதல். கூடவே உலக சாதனை. அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கத்தைத் தக்கவைத்த முதல் மனிதர் அவர்தான். ஆண்களில்கூட அதுவரை யாரும் செய்ததில்லை. கார்ல் லூயிஸ் அதைச் செய்ய 20 வருடங்கள் பிடித்தன. லூயிஸை உலகம் கொண்டாடியது. வயோமியாவின் பெயரைக் கேட்டால் இன்றும் பலர் விழிப்பார்கள்.

அந்த மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்ற இரு கறுப்பின வீரர்கள் பதக்க மேடையில் கையை உயர்த்தி எதிர்ப்பைக் காட்டி, அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வயோமியா தன் தொடர் ஓட்டத் தங்கத்தை அவர்களுக்குச் சமர்ப்பிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். முகாமுக்கு வந்தபோது வாயே திறக்காத பெண் இவர்! பின்னாளில் பெண்கள் விளையாட்டுக்கான அமைப்பு ஒன்றை டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்குடன் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவரானார். லாஸ் ஏஞ்சலீஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டையும் செடிகொடிகளையும் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பல வருடங்கள் பார்த்தார்.

கறாரின் இன்னொரு பக்கம்

டெம்பிளின் விதிகள் இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம்தான். பையன்களின் காரில் ஏறக் கூடாது. ஓடி முடித்ததும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கும் முன், தலையைச் சீவி, உடையைச் சரி செய்துகொண்டு நிற்க வேண்டும். ஆண் வீரர்களிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. விளையாடும் பெண்களுக்குப் பெண்மை போய்விடும் என்று ஊரும் பத்திரிகைகளும் பேசிய காலம் அது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லும் சுமையை அவர் தன் மாணவிகள் தலையில் ஏற்றினார் என்று சொன்னால் தவறில்லை. மகளை வெளியூருக்கு அனுப்பப் பயந்த பெற்றோருக்கு, அதே விதிகள்தான் நம்பிக்கை கொடுத்தன என்பதும் உண்மை.

நல்ல சட்டம்... கெட்ட நேரம்!

1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது. விளையாட்டும் அதில் அடக்கம். பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. அதற்குள் கறுப்பின மாணவர்களுக்கும் அங்கே கதவு திறந்திருந்தது.

பெண்களுக்கு இது பெரிய வரம். டெம்பிளுக்கோ தலைவலி. யாரும் சீண்டாத காலத்தில் அவர் தேடிப்போய் அழைத்துவந்த பெண்களை, இப்போது பளபளக்கும் ஓடுபாதையும் முழு உதவித்தொகையும் வைத்திருந்த பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போயின. டைகர்பெல்ஸின் ஏகபோகம் மெல்லக் கரைந்தது. பெண்களும் ஓடலாம் என்று நாட்டுக்குக் காட்டியவர்களே, நாடு அதை நம்பத் தொடங்கியதும் பின்தங்கிப் போனார்கள்.

இருந்தும் 1984 லாஸ் ஏஞ்சலீஸில் அவருடைய மாணவி சாண்ட்ரா சீஸ்பரோ இரண்டு தொடர் ஓட்டத்தில் தங்கமும் 400 மீட்டரில் வெள்ளியும் வென்றார். டெம்பிள் ஓய்வு பெற்றதும், 1994-ல் அவருடைய இடத்துக்குப் பயிற்சியாளராக வந்தவரும் அதே சாண்ட்ராதான்.

2015-ல் நாஷ்வில்லின் பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே டெம்பிளுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவில் அவரும் இருந்தார். மறு வருடம் செப்டம்பரில், 89 வயதில் காலமானார்.

நம் வீடுகளிலும் பிள்ளை நன்றாக ஓடுகிறாள் என்று தெரிந்ததும் அதே கேள்விதான் எழுகிறது: விளையாட்டா, படிப்பா? டெம்பிள் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தவே இல்லை. உங்கள் பெண்ணைப் பயிற்சிக்குச் சேர்க்கப்போகும்போது, அங்கே சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளைப் பாருங்கள், தவறில்லை. கூடவே பயிற்சியாளரிடம் இதையும் கேளுங்கள்: "பத்து வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட ஓடின பிள்ளைங்க எல்லாம் இப்ப என்ன பண்றாங்க சார்?" பேர் பேராகப் பதில் சொல்கிறவராக இருந்தால், நம்பிச் சேர்க்கலாம்.